மிச்சம் வைத்த மாத்திரை, மிச்சம் வைத்த சாட்சி

எங்கள் சபையில் என்னோடு முழங்காலிட்ட உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

குறுவை நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வராத அந்த வருடம், ஆடி மாதம், என் மனைவி எஸ்தர் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தாள். சிறுநீர்ப் பாதையில் தொற்றிய கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, இரத்தத்தில் கலந்துவிட்டது. பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. கர்த்தர் அவளை எழுப்பித் தந்ததை அவ்வருட அறுப்பின் பண்டிகையில் சாட்சியாகச் சொன்னேன். அன்று சொன்னது பாதி.

நான் வேளாண்மையில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவன். விவசாயத் துறை அதிகாரியாக இருந்தவன். கூலித் தகராறில் மிராசுதாரரும் விவசாயக் கூலிகளின் சங்கத்தாரும் வரப்புக்கு இருபுறமும் முறைத்து நின்ற ஊர்களில்கூட, மருந்தடிக்கும் விஷயத்தில் என் சொல்லைக் கேட்டார்கள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானுக்கு அளவு குறைத்து மருந்தடித்தால், சாகாமல் மிஞ்சும் பூச்சி அந்த மருந்துக்குப் பழகிவிடும் என்பேன்.

"அப்ப நாமளே அதுக்குக் காப்பித் தண்ணி குடுத்து வளர்க்குறோம்ங்கிறீங்க" என்று ஒரு விவசாயி கேலி செய்வார். "ஆமாங்க" என்பேன்.

எஸ்தர் ஆசிரியை. அவள் பள்ளியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் மாலைவரை தண்ணீர் குடிக்கமாட்டாள். நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். சூட்டு உடம்பு என்று இளநீர் கொடுப்பேன். தீராவிட்டால், முன்பு எப்போதோ டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையின் பழைய அட்டையை மருந்துக்கடையில் காட்டி, அதையே வாங்கி வருவேன். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கும். "போதும், மிச்சத்தை எடுத்து வை, அடுத்த தடவைக்கு ஆகும்" என்பேன். ஒரே வருடத்தில் நான்கு முறை.

"ஏங்க, ஊரான் வயல்ல அரை மருந்து அடிச்சா அந்தக் கத்து கத்துறீங்க. எனக்கு மட்டும் அரையா? புகையானுக்கு இருக்குற மரியாதைகூட எனக்கு இல்லையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "சார், இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்திருக்காங்களா?"

என் பட்டம் என் வாயை அடைத்தது. "இல்லம்மா" என்றேன்.

அந்தப் பொய்யை நம்பி அவர் வழக்கமான மருந்தையே ஏற்றினார். இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று சிறுநீரில் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு மறுநாள்தான் வரும். நண்பகலில் வராந்தா ஓரம் முழங்காலிட்டு, "ஆண்டவரே, அவளுக்கென்று ஒரு மருந்தையாவது மிச்சம் வையும்" என்று மன்றாடினேன். மிச்சம் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் மேற்கொண்டு ஜெபிக்க முடியவில்லை. வீட்டு அலமாரியில் நான் மிச்சம் வைத்திருந்த மாத்திரைகள் கண்முன் வந்தன. எழுந்துபோய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படிச்சவங்க நீங்க... இதை முந்தாநாளே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

அவ்வளவுதான் கேட்டார். உடனே மருந்தை மாற்றினார்.

மறுநாள் கல்ச்சர் தாள் வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர்கள். எதிரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்றே எழுதியிருந்தது; கிருமி அவற்றுக்கெல்லாம் பழகிவிட்டது என்று பொருள். ஒன்றே ஒன்றுக்கு எதிரே மட்டும் 'எஸ்'. அந்த மருந்து இன்னும் வேலை செய்யும். டாக்டர் முந்தின நாள் மாற்றிக் கொடுத்தது அதைத்தான்.

மருந்தை மாற்றிய மூன்றாம் நாள் எஸ்தர் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அந்தத் தாளைத்தான் அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்தில் உயர்த்திக் காட்டினேன். நீங்கள் அல்லேலூயா என்றீர்கள். மாத்திரைகளையும் பொய்யையும் நான் சொல்லவில்லை. பெண்கள் உட்காரும் வரிசையில் எஸ்தர் தலைகுனிந்திருந்தாள். வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் பல வருடங்கள் என்னோடு வாழ்ந்தாள்; அப்போதும் கேட்கவில்லை.

கடந்த தை மாதம் இதய நோயால் அவள் கர்த்தரிடம் போனாள். அதற்கு முந்தின வாரம், "ஏங்க, அந்தச் சாட்சியில மிச்சம் வச்சீங்களே, அதையும் சொல்லிடுங்க" என்றாள்.

என் ஜெபத்துக்கு முதலில் வந்த பதில் வெட்கம். மருந்து அதன் பின்னரே வந்தது. இரண்டையும் தந்தவருக்கு நன்றி. நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்ததும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் எழுதிக்கொடுத்ததை முழுவதும் சாப்பிடுங்கள்.

எஸ்தர் சொன்னபடியே எழுதிவிட்டேன். இனி மிச்சம் இல்லை.