கதை, கவிதை அனுப்ப வேண்டிய முகவரிகள்

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். விடுப்பில் வரும் நாட்கள் போக மீதி வருடம் முழுக்க இலஞ்சி வீட்டில் நான் ஒருத்திதான். பிள்ளைகள் இல்லை. சீசன் சமயத்தில் குற்றாலம் போகும் வெளியூர்க் கார்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். சாரலில் துணி காயாது. ஒரு ஆளுக்குச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு பகல் மிச்சம் இருக்கும். அப்போதுதான் போனில் கவிதை எழுத ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

முப்பது சேர்ந்த பிறகு எங்காவது அனுப்பலாம் என்று தோன்றியது. எனக்கு ஒரு பத்திரிகைக்காரரையும் தெரியாது. இணையத்தில் தேடியபோது ஒரு வலைப்பூ அகப்பட்டது. அதில் இருந்தது நீளமான ஒரு பட்டியல் மட்டும்தான். எது அச்சில் வருகிறது, எது இணையத்தில், மின்னஞ்சல் என்ன, பதிலுக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் போட்டிருந்தது. நடத்துபவர் பெயர் இல்லை. சில இதழ்களுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: "பதில் போடமாட்டார்கள், ஆனால் படிப்பார்கள்."

பதினோரு இடத்துக்கு அனுப்பினேன். மூன்று மின்னஞ்சல்கள் போய்ச் சேரவில்லை என்று திரும்பி வந்தன. என் கவிதைக்குக் கிடைத்த முதல் பதில்கள் அவைதான். மற்ற எட்டும் என்ன ஆயின என்று தெரியவில்லை.

அந்த மூன்று முகவரிகளும் வேலை செய்யவில்லை என்று வலைப்பூவுக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. "நன்றி. திருத்திவிட்டேன். நாலாவதா ஒண்ணு இருக்கு, அங்கனயும் அனுப்பாதீங்க."

'அங்கன' என்ற எங்கள் பக்கத்துப் பேச்சுச் சொல்லைப் பார்த்ததும் எந்த ஊர் என்று கேட்டேன். பக்கத்தில் இருக்கும் இலத்தூர் என்றார்.

அடுத்த புதன்கிழமை பஸ் ஏறிப் போனேன். அவர் சொல்லியிருந்த இடம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் இயந்திரத்தின் மூடியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"மெயில் போட்டது நீங்கதானா? உக்காருங்க. இந்த அண்ணாச்சிக்கு மட்டும் எடுத்துக் குடுத்துருதேன்."

கூட்டம் குறைந்ததும், "அக்கா, நீங்களும் எழுதுதீங்களா?" என்று கேட்டேன்.

"முன்ன கதை எழுதுனேன். எங்கன அனுப்பணும்னு தெரியாம ஒவ்வொண்ணா நோட்டுல குறிச்சு வச்சேன். பெறவு அதையே நெட்ல போட்டேன். கதை நின்னு போச்சு. பட்டியல் நிக்கல."

"ஒண்ணும் வரலையா?"

"ரெண்டு வந்துச்சு. காட்டுததுக்கு ஆளில்லாம ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்ட்ட காட்டுனேன். நல்லாருக்குன்னாரு. பெறவு, ஆதார் ரெண்டு பக்கமும் எடுங்கன்னாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைத்தேன்.

அதன் பிறகு புதன்கிழமைகளில் போய்வந்தேன். அச்சு இதழ்களுக்கு அக்கா போன் போட்டு விசாரிப்பார். இணைய இதழ்களை நான் திறந்து பார்ப்பேன். நின்றுபோனவற்றை எடுத்துவிடுவோம். சில நாட்களிலேயே என்னை உரிமையோடு 'ஏட்டி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இந்த ஊரில் அப்படிக் கூப்பிட எனக்கு வேறு யாருமில்லை.

மறு வருடம் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு. பெங்களூருக்குப் போறேன். கடையைக் குடுத்துட்டேன். பட்டியலோட பாஸ்வேர்டு அனுப்பியிருக்கேன், நீ பாத்துக்கோ."

"எப்ப வருவீங்கக்கா?"

"தெரியலட்டி. வந்தா சொல்லுதேன்."

அந்தப் புதன்கிழமை எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு இணைய இதழில், பிறகு அனுப்பிய என் கவிதை ஒன்று வந்தது. கணவர் பேசியபோது, அது என்னுடையது என்று சொல்லாமல் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கே. யாரு எழுதுனது?"

"நான்தான்."

"நீ எழுதுவியா? சொல்லவே இல்லையே," என்றார். எதிலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள், "இங்க கூப்பிடுதாங்க, பெறவு பேசுதேன்," என்று வைத்துவிட்டார்.

அக்காவுக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "படிச்சேன். பிள்ளையை மடியில வச்சுக்கிட்டே படிச்சேன். அந்தப் பத்திரிகைக்கு மூணு மாசம்னு போட்டிருக்கோம். ஒனக்கு ஏழு மாசம் ஆயிருக்கு. மாத்திரு."

மாற்றினேன்.

இப்போது பட்டியலை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். யார் யாரோ எழுதுகிறார்கள். எல்லோருமே என்னை 'ஐயா' என்றுதான் விளிக்கிறார்கள், நான் திருத்துவதில்லை. போன வாரம் இரண்டு இதழ்களின் தளங்கள் திறக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன். கணவர் அடுத்த மாதம் விடுப்பில் வருகிறார். என் கவிதைகள் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவர் இல்லாத நாட்களைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். எதை முதலில் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.