நாற்பத்தேழு வயசுக்கு எத்தனை இட்லி?

உடற்கல்வி ஆசிரியர் வேலையில் வெயிலும் பசியும் பஞ்சப்படி மாதிரி, சம்பளத்தோடு தானாக வந்துவிடும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பல வருஷமாக விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். அது போக, நான் எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. கல்லூரியில் ஓடினேன், கல்யாணத்தோடு விட்டேன், நாற்பதுக்கு மேல் மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் மறுபடி ஷூ வாங்கினேன். கால் சீக்கிரம் பழகிவிட்டது. வயிறுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் இதே கதைதான் என்றால் வாருங்கள், சேர்ந்தே குழம்பலாம்.

துணி மேல் சந்தேகம்

போன வருஷம் மாவட்டப் போட்டிக்குச் சில மாதங்கள் இருக்கும்போது என் டிராக் பேண்ட் இடுப்பில் ஏற மறுத்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலேஜ் நாளில் சாப்பிட்ட அதே ஆறு இட்லிதான் காலையில், மதியம் அதே குவித்த சோறுதான். ஓட்டத்தில் ஒரு சுற்று குறைக்கவில்லை. அப்படியென்றால் துணிதான் சுருங்கியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ராணியிடம் கொண்டுபோனேன்.

ராணி பேண்ட்டை விரித்து, இழுத்துப் பார்த்து, டேப்பை என் இடுப்பில் சுற்றினாள். டேப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துணி சுருங்கல டீச்சர். பிரிச்சு உடறேன், ஆனா உள்ள இன்னும் ரெண்டு வெரக்கடை துணிதான் கீது, பாத்துக்கோங்க."

ஆளுக்கொரு வைத்தியம்

பள்ளியில் ஆசிரியர் அறையில் இதை வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம். அறிவியல் டீச்சர் சோறே கூடாது என்றார். தமிழ் ஐயா கூழும் மோரும் தவிர வேறெதுவும் கூடாது என்றார். தலைமை ஆசிரியர், வயசானால் எல்லாவற்றையும் பாதியாக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாடே வேண்டாம் என்றார். மூன்று பேரும் நிச்சயமாகச் சொன்னார்கள். எதைக் கேட்பது என்று தெரியாமல், மூன்றையும் கேட்டேன்.

மறுநாள் பயிற்சி முடிந்து வழக்கமான டிபன் கடையில் உட்கார்ந்து ரெண்டு இட்லி போதும் என்றேன். கடைக்காரர் முனுசாமி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"இன்னா டீச்சர், மாவு புளிச்சுப்போச்சா? சொல்லுங்க, வேற ஊத்தித் தரேன்."

எந்தச் சாமிக்கு

எங்கள் வீடு திருப்புலிவனத்தில். கணவர் ஏழுமலை நெல் பயிரிடுகிறார், கூட மாமியார். ராத்திரி நான் தட்டு போடாததை அத்தை முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமைக்குப் பெருமாள், திங்கட்கிழமைக்குச் சிவன் என்று கணக்குப் பார்த்திருக்கிறார், எதுவும் ஒத்துவரவில்லை போலிருக்கிறது. நானும் பசியில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன். டயட் என்று சொன்னேன், அது அவர் காதில் ஏதோ விரதத்தின் பெயராக விழுந்தது.

"எந்தச் சாமிக்கு இருக்கறன்னு சொன்னா நானும் கூட இருப்பேன் இல்ல, ஏன் தனியா இருக்கற?"

இளைத்தது யார்

இரண்டு மாதத்தில் இளைத்தேன். தெருவில் பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். ராணி பிரித்த பேண்ட்டை மறுபடி பிடித்துத் தைத்தாள். ஆனால் ஏரிக்கரையில் ஓடும்போது கடிகாரம் வேறு கதை சொன்னது. வாரத்துக்கு வாரம் நேரம் கூடிக்கொண்டே போனது. எடை குறைந்தால் வேகம் கூட வேண்டும், இதுதானே கணக்கு? நானே பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

என்னோடு ஓடுகிறவள் ஸ்டெல்லா. ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறாள், என் வயசுதான். முன்பெல்லாம் அவள் என் பின்னால் வருவாள். அன்றைக்கு மதகு தாண்டியதும் என்னைக் கடந்து போனாள். கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, இடது பாதத்தில் ஊசி குத்துவது போல ஒரு வலியும் இருந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ ஓடல கலா. கைய மட்டும் ஆட்டிக்கினு நடந்து வர."

ரெண்டும்தான்

காஞ்சிபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் காலைக் காட்டினேன். பாத எலும்பில் மயிரிழை விரிசல். விழவில்லை, அடிபடவில்லை, எலும்பு எப்படி விரியும் என்று கேட்டேன். அவர் திருப்பி, மாதவிலக்கு நின்று எவ்வளவு காலம் ஆயிற்று, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் பாதியாக்கிவிட்டதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த வயசில் எலும்பும் சதையும் தானாகவே கரையப் பார்க்கும், ஓடுகிற உடம்புக்கு முன்னைவிட அதிகமாக முட்டை, பால், பருப்பு, மீன் வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது, சோற்றுக் குவியல் மட்டும் கொஞ்சம் இறங்கலாம் என்றார். போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மாநிலப் போட்டிக்குத் தேர்வாக எனக்கு அமைந்த நல்ல வாய்ப்பு அது. ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் நான் அதிகமாகச் சாப்பிட வேண்டுமா, குறைவாகவா என்று கேட்டேன்.

"ரெண்டும்தாம்மா."

புரட்டாசி முட்டை

ஸ்டெல்லா ஓடினாள், மாநிலத்துக்குத் தேர்வானாள். நான் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மைதானப் படிக்கட்டில் உட்கார்ந்து கை தட்டினேன். சந்தோஷமாகத்தான் தட்டினேன், ஆனாலும் வீடு வரும்வரை பஸ் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுவாரம் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டை வாசனையே ஆகாது. டாக்டர் முட்டை என்கிறார், பெருமாள் கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? சுண்டல், பயறு, பால் என்று ஒப்பேற்றினேன். ஒருநாள் சாயங்காலம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அத்தை, ஒரு பழைய பாத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"மாட்டுக் கொட்டாயாண்ட அடுப்பு வெச்சு வேவிச்சுக்கோ. நான் அந்தப் பக்கம் வரல, பெருமாளும் வரமாட்டாரு."

ஏழுமலையின் கணக்கு

ஆனால் சாப்பிடவும் பழக்கம் வேண்டியிருந்தது. சோறு குறைந்ததில் மதியம் தலைவலி, பருப்பு கூடியதில் ராத்திரி வயிறு உப்புசம். கட்டைப் பிரித்த பிறகும் எது சரி, எது தப்பு என்று தெரியாமல் தட்டு முன்னால் உட்கார்ந்து எரிச்சல்படுவேன். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஏழுமலை அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார். அவர் எனக்குச் சமாதானம் சொல்லி நான் கேட்டது குறைவு.

"தீனிய மாத்துனா மாடே நாலு நாளு பேஜார் பண்ணுது. நீ கொஞ்சம் பண்ணுவதான், உக்காந்து துன்னு."

கேட்டிருக்கக் கூடாத கேள்வி

இந்த வருஷம் ஓடினேன். பாதம் வலிக்கவில்லை. ஆள் குறைவென்று ஐம்பதைத் தாண்டியவர்களையும் எங்களோடு சேர்த்து ஓடவிட்டார்கள். கடைசி வளைவில் ஸ்டெல்லாவை நெருங்கிவிட்டேன், முந்த முடியவில்லை. என் பிரிவில் இரண்டாமிடம், மாநிலத்துக்குப் போகிறேன். ஆனால் எங்கள் இருவரையும் தாண்டி, பாவாடையை மடித்துச் செருகியது போல ஒரு தொளதொளப் பேண்ட்டில், பழையசீவரத்து அம்மா ஒருவர் சாவகாசமாக ஓடிப்போய்க் கோட்டைத் தொட்டார். அறுபதை நெருங்கியவர். நெல் நடவுக்குப் போகிறவராம்.

மூச்சு வாங்கக்கூட நிற்காமல் அவரிடம் போனேன். ஒரு வருஷமாக மனதில் இருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. அவர் என்னைக் கொஞ்சம் புதிராகப் பார்த்தார். அவர் சொன்ன பதிலில் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். நானும் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டு, என் பையிலிருந்த அவித்த முட்டைகளை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன்.

"வூட்ல எல்லாரும் துன்னு மீந்தத துன்றேம்மா, வேற இன்னா துன்றது?"

ஓடுவதற்கு மைதானத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், நம் தட்டில்தான், தோழர்களே, இன்னும் யாரும் போட்டு வைக்கவில்லை.