உதவாமல் இருக்க ஒரு பரீட்சை

மறுவாழ்வு மையத்தில் அவளை எல்லோரும் கிளிப் என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையைத் திறந்தால் சீப்புக்கு முன்னால் துணி காயப்போடும் கிளிப்புகள்தான் கையில் வரும். விரலில் பலம் போனவர்களை அவற்றை அழுத்தித் திறக்க வைப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவரையும் விபத்தில் கை நசுங்கியவரையும் மறுபடி பல் தேய்க்க, சட்டை போட, பூட்டைத் திறக்க வைக்கிற தொழில்.

வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். சலவைக்கடையில் நாளெல்லாம் இஸ்திரி போடும் அம்மா, மகள் படித்தது என்னவென்று புரிந்துகொள்ள உண்மையாகவே முயன்றாள்.

"அப்போ சட்டை போடச் சொல்லிக் குடுக்கவா இத்தனை வருஷம் படிச்சே?"

"பேன்ட்டும்தாம்மா."

"அதை உனக்கு மூணு வயசுலயே நான் சொல்லிக் குடுத்துட்டேனேடி. எனக்கு எவன் பட்டம் குடுத்தான்?"

கிளிப்பும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. தனக்கு நிஜமாகவே ஏதாவது தெரியுமா, இல்லை நீளமான சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டோமா? பட்டம் வாங்கி நாலு வருடம் ஆகியும் பதில் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் கைகள் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. யாராவது தடுமாறினால் போதும், பாய்ந்துபோய் உதவிவிடும். வேறு எந்த வேலையிலும் இது புண்ணியம். இந்த வேலையில் பெரிய குறை. பொத்தானை நீயே மாட்டிவிட்டால் நோயாளி எப்போது கற்றுக்கொள்வார்?

இந்தக் குறையோடுதான் அவள் மாணவர்களுக்குப் பயிற்சியாளராகும் தேர்வுக்குப் போனாள். தேர்வு எளிது. மாணவர் ஒரு நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பார். பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நோயாளி விழப்போனால் தவிர, கையும் நீளக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது. போன முறை மாணவி ஜிப்பில் திணறியபோது, இவள் கை இவளைக் கேட்காமலே போய் ஜிப்பை மேலே இழுத்துவிட்டது. தேர்வாளர் பேனாவை மூடிக்கொண்டு, "ஜிப் நல்லா போட்டீங்க. நோயாளி நீங்களா?" என்று கேட்டார்.

இன்று இரண்டாவது முறை. இதிலும் தவறினால் மையத்துக்கு இனி மாணவர்களை அனுப்பமாட்டார்கள். இப்போது இருக்கும் ஒரே மாணவனும் வேறு ஊருக்கு மாற்றப்படுவான். அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டாள். அவை ஓடிப்போக வாய்ப்பே கொடுக்கக் கூடாது.

நோயாளி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் இடது கை துவண்டுவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் மனைவியே எல்லாம் செய்துவிடுவதால் சொந்தமாகச் சட்டை போட்டுப் பல மாதம் ஆகிறது. மனைவி வெளியே வராந்தாவில் காத்திருந்தார். மூலையில் தேர்வாளர்.

"ஐயா, முதல்ல வலது கையை விடுங்க," என்றான் மாணவன்.

கிளிப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைகீழ்! முடியாத கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். வாரா வாரம் சொன்னது. பயத்தில் அத்தனையும் பறந்துவிட்டது பையனுக்கு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தொடைக்குக் கீழே விரல்கள் துடித்தன.

வலது கை சட்டைக்குள் ஜம்மென்று போனது. அதன்பின் சட்டை முதுகில் இறுகிக்கொள்ள, இடது கைக்கு வழியே இல்லை. கண்டக்டர் தன் இடது கையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "உள்ள போங்க, உள்ள போங்க! எடம் இருக்கு, தள்ளி நில்லுங்க!"

கை நகரவில்லை.

"ஏறமாட்டேங்குது தம்பி. அடுத்த வண்டியில வரட்டுமா?"

மாணவன் திருதிருவென்று விழித்தான். கிளிப்பைப் பார்த்தான். கிளிப் கூரையைப் பார்த்தாள். தேர்வாளர் கிளிப்பைப் பார்த்தார்.

அப்போது யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்றை அவன் செய்தான். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றினான். இடது கையைத் துவண்ட மாதிரி தொங்கவிட்டு, வலது கையை முதலில் நுழைத்து, ஒற்றைக் கையாலேயே கோட்டைப் போட்டுப் பார்த்தான். அவனும் மாட்டிக்கொண்டான். முதுகில் சுற்றிய கோட்டோடு, வாலைப் பிடிக்கப்போகும் நாய்க்குட்டி போல நின்ற இடத்திலேயே சுழன்றான்.

"தம்பியும் ஏறலியா?" என்றார் கண்டக்டர். "அப்ப தப்பு வண்டி மேலதான்."

கிளிப்புக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கியதில் கண்ணில் நீர் வந்தது. மூலையில் தேர்வாளரின் தோளும் குலுங்கியது போலிருந்தது.

மூன்றாவது சுற்றில் மாணவன் சட்டென்று நின்றான். "ஐயா! முடியாத கை முதல்ல! அதுக்குத்தான் நிறைய துணி வேணும். நல்ல கை எப்படியும் வளைஞ்சு வந்துடும். கழட்டுங்க, கழட்டுங்க!"

கழற்றினார்கள். துவண்ட கையை மடியில் வைத்து, சட்டைக் கையை அதன் மேல் தோள்வரை ஏற்றி, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, வலது கையை நுழைத்தார் கண்டக்டர். சட்டை தோளில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் ஒற்றைக் கையால் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு. போட்டு முடித்தபோது ஒரு பொத்தான் இடம் மாறி, சட்டையின் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. "ரைட்! போலாம்!" என்று கூவினார்.

கூவல் கேட்டு மனைவி உள்ளே ஓடிவந்தார். புருஷன் சட்டையோடு இருப்பதைப் பார்த்து வாய் பிளந்தார். அடுத்த நொடி அவர் கை பொத்தானை நோக்கி நீண்டது.

கிளிப் எழுவதற்குள் மாணவன் குறுக்கே பாய்ந்தான். "அம்மா, தொடாதீங்க!"

"ஏன் தம்பி, கரன்ட் அடிக்குமா?"

"அவரே சரி பண்ணிப்பாரும்மா. கொஞ்சம் பொறுங்க."

"நீ சும்மா இருடி," என்றார் கண்டக்டர் மிதப்பாக. "இதெல்லாம் எங்க டிபார்ட்மென்ட்."

தேர்வாளர் எழுந்து கிளிப்பிடம் வந்தார். "நீங்க சொல்ல வேண்டியதை அந்தப் பையன் சொல்றான். இதுக்கு மேல நான் என்ன பார்க்கணும்? அடுத்த தடவை ரெண்டு மாணவர்களை அனுப்பறேன், சமாளிப்பீங்கல்ல?"

கை குலுக்க நீட்டினார். கிளிப்பின் கைகள் மரத்துப்போய்க் கிடந்தன. ஒருவழியாக வலது கையை உருவி எடுத்து, அது யாருடைய கையோ என்பது போல் அவரிடம் ஒப்படைத்தாள்.

வராந்தாவில் கால் தரையில் பாவவில்லை. கையில் எறும்பு ஊர, செல்போனை இரண்டு முறை கீழே போட்டு, மூன்றாவது முறை அம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, பாஸ்! நான் இப்போ வாத்தியார்!"

"அடி என் தங்கமே! என்னடி பண்ணே?"

"ஒண்ணுமே பண்ணலம்மா! கடைசி வரைக்கும் ஒண்ணுமே பண்ணல!"

மறுமுனையில் இஸ்திரிப்பெட்டி வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"நீயா? ஒண்ணும் பண்ணாம இருந்தியா?" என்றாள். "அப்போ கஷ்டமான பரீட்சைதான்டி."