மெதுவாகப் போனால் நின்றுவிடும் கார்

புதுக்கோட்டையில் ஓட்டுநர் தேர்வு நடந்த மைதானத்தில் அம்மாவின் கையில் கார் இரண்டு தடவை அணைந்தது. வளைவில் ஒரு தடவை, மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது ஒரு தடவை. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார் ஆய்வாளர், தன்மையாகத்தான். திரும்பும்போது சித்தப்பா ஓட்டினார். ஆலங்குடி வரைக்கும் வண்டி ஒரு இடத்தில்கூட இருமவில்லை.

"வண்டியில ஒண்ணுமில்ல அண்ணி. நீங்கதான் க்ளட்ச்ச பொசுக்குன்னு விட்டுர்றீங்க."

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு வரல தம்பி. விட்ருவோம்."

அப்பா கத்தாரில் இருக்கிறார். எங்கள் வீடு ஆலங்குடியிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்குள். எனக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் அடுத்த மாதம் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர வேண்டும். அதன் பிறகு ஆஸ்பத்திரியோ பேங்கோ, எதற்கும் அம்மா சித்தப்பாவுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நாற்பத்தேழு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அந்த நான்கு மாதப் பயிற்சியை ஒரே சொல்லில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய இடது காலைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தவள் நான். அவசரப்படும் கால் இல்லை அது.

அன்று மாலையே சாவியை எடுத்தேன். நானும் சித்தப்பா மாதிரி மிதித்து ஓட்டுகிறவள்தான். அன்றைக்கு அம்மா மாதிரி ஓட்டிப் பார்த்தேன்: ஆக்ஸிலேட்டரில் கால் பட்டும் படாமலும், நடை வேகத்தில், தோப்பைச் சுற்றி. களத்து மேட்டருகே கார் குலுங்கி நின்றது. பின்னால் கறுப்புப் புகை, பெட்ரோல் நெடி. தப்பு அம்மாவின் காலில் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது.

நான் படித்தது இயற்பியல். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் இன்ஜினின் எண்களைப் போனில் காட்டும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, பிழைக் குறியும் இல்லை. ஆனால் வண்டி சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார் அறுபத்திரண்டு கிலோபாஸ்கல் என்றது. முப்பத்தைந்தை ஒட்டி இருக்க வேண்டிய எண்.

விஷயம் எளிது. ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜினுக்குக் காற்று போகும் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். இன்ஜின் உறிஞ்ச உறிஞ்ச உள்குழாயில் அழுத்தம் குறையும். மிதித்தால் கதவு திறந்து அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை சென்சார் சொல்ல, அதற்குத் தக்கபடி பெட்ரோல் போகும். அறுபத்திரண்டு என்று சொன்னால் யாரோ மிதிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு வண்டி பெட்ரோலைக் கொட்டும். மூச்சு முட்டி நிற்கும். உண்மையிலேயே மிதித்து ஓட்டும் சித்தப்பாவுக்கு நிஜ எண்ணே அதற்கும் மேல் இருக்கும், அதனால் தப்பு எடுபடாது. மெதுவாகப் போகிறவளிடம்தான் அது தெரியும்.

சென்சார்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். பானட்டைத் திறந்தபோது குழாய்களுக்கிடையில் தேங்காய் நார் கிடந்தது, ஊதித் தள்ளிவிட்டேன். ஒரே போல்ட். கழற்றிப் பார்த்தால் துளையில் எண்ணெய்க் கறுப்பு. ஊசி விட்டுக் குத்தக் கூடாது, உள்ளே மெல்லிய சவ்வு இருக்கிறது. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே அடித்து, கவிழ்த்துக் காயவைத்து மாட்டினேன். "சரியாயிருச்சு, ஏறும்மா" என்றேன், ஓட்டிக்கூடப் பார்க்காமல்.

கேட்டைத் தாண்டும் முன் நின்றது. அம்மா இறங்கி, சாவியைப் பானட் மேல் வைத்தாள்.

"இப்ப என்ன சொல்ற? சித்தப்பா சொன்னதுதான். என்னைய விட்ருடி."

என் அவசரத்தால் அவள் இன்னொரு தடவை தோற்றிருந்தாள். அதற்கப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினேன். நூறு. வெளிக்காற்றின் அழுத்தம், சரியான எண். உள்குழாயிலிருந்து சென்சாருக்கு வரும் மெல்லிய ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டு, மீன்தொட்டிக்கு வாங்கிய புது ட்யூபைச் சொருகி வாயால் உறிஞ்சினேன். எழுபது. விட்டேன். நூறு.

துணி எடுக்க வந்த அம்மா நின்று பார்த்தாள். "எளநியா வருது அதுல?"

"சென்சார் நல்லாருக்கும்மா. அதுக்கு வர்ற சேதிதான் தப்பு."

ரப்பர் குழாயின் ஒரு முனையை விரலால் அடைத்து, பஞ்சர் கடையில் செய்வது போல வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, மறுமுனையில் ஊதினேன். நடுவில் க்ளிப்பை ஒட்டி, கண்ணில் படாத அடிப்பக்கத்திலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது. அந்த வழியாக வெளிக்காற்று நுழைந்துதான் எண் ஏறியிருக்கிறது. அம்மா குனிந்து வளைத்துப் பார்த்தாள். இரண்டு பல் பதிந்த கீறல்.

"அணிலு" என்றாள். "அந்த நாரு அதுதான் கொண்டாந்து போட்ருக்கு."

சித்தப்பா வந்து பார்த்தார். "ஒரு டேப்ப சுத்திரு பாப்பா. இல்ல, அந்த மீன்தொட்டி ட்யூப மாட்டி விட்டுரு."

"இன்ஜின் சூட்டுல அது இளகி ஒட்டிக்கும் சித்தப்பா. புதுக்கோட்டை போய் சரியான குழாய் வாங்கிட்டு வாரேன்."

வாங்கி வந்ததை அம்மாவேதான் மாட்டினாள், இரண்டு முனையிலும் அழுத்தி இழுத்துப் பார்த்து. எண் முப்பத்து நான்கில் நின்றது. அந்த வாரம் முழுக்க விடியற்காலையில் தோப்பைச் சுற்றினாள், எறும்பு வேகத்தில். நான் ஏறவில்லை, வரப்பில் நின்றேன். தினமும் புறப்படும் முன் பானட்டைத் தூக்கி நார் கிடக்கிறதா என்று பார்த்தாள்.

தேர்வன்று மேட்டில் நிறுத்தினாள். கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் நகராமல் ஏறிப்போனது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு அவளே ஓட்டினாள். முன் சீட்டில் சித்தப்பா நெளிந்தார்.

"கொஞ்சம் மிதிங்க அண்ணி, பஸ்ஸெல்லாம் தாண்டிப் போவுது."

"போகட்டும் தம்பி. மெதுவாப் போனாத்தான வண்டியில என்ன இருக்குன்னு தெரியுது."