கல்யாண மண்டபத்தில் ஓடிக்கொலோன் வாசம்

வெடித்த கிளாஸ்

ஜெல் மெழுகுதிரி செய்த முதல் நாளே எனக்கு கிளாஸ் வெடித்தது.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலையை விட்டுவிட்டு, ஹட்டன் டவுனில் வாடகை வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. சர்ச்சில் பெண்களுக்கு நடந்த வகுப்பில் கொழும்பு மிஸ் ஒருவர் சொல்லிக்கொடுத்த தொழில். ஜெல் கட்டியை வெட்டிச் சட்டியில் போட்டு, புகையவிடாமல் சின்ன நெருப்பில் உருக்கி, கடைசியில் வாசனை எண்ணெயைச் சொட்டுவிட்டு, திரி நட்ட கிளாஸில் ஊற்ற வேண்டும். அந்த மிஸ் சொல்லாமல் விட்டது ஹட்டன் குளிரை. விறைத்துக் கிடந்த கிளாஸில் சூடாக ஊற்றினேன், படீரென்று போனது. பிறகுதான் கிளாஸை வெந்நீரில் சூடாக்கி, ஈரம் போகத் துடைத்துவிட்டு ஊற்றப் பழகினேன்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தங்கச்சிமார் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெல் மெழுகுதிரி சும்மா இருக்கும்போது பெரிதாக மணக்காது. கொளுத்தி, மேல் ஜெல் இளகிய பிறகுதான் வாசம் கிளம்பும். செய்கிறவளின் மூக்கோ நாள் முழுக்க அந்த எண்ணெயிலேயே கிடந்து மரத்துப்போயிருக்கும். என் மானம் போனது இந்த இடத்தில்தான்.

ஹோட்டல் வாசம்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குக் கொஞ்சம் செய்து கொடுத்தேன். எலுமிச்சை, ஆரஞ்சு, லெவண்டர் கலந்த எண்ணெய் போட்டது. ஸ்டோர் பார்த்த சிங்கள ஐயா ஒன்றைக் கொளுத்தி மோந்து பார்த்துவிட்டு, "ஹரிம ஹொந்தய் மிஸ்" என்றார், ரொம்ப நல்லாயிருக்காம். வெளிநாட்டு ஆட்கள் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ரோசம்மாக்கா வந்தார். தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, எதிரே இருந்தவர். அவர் வீட்டுக்காரர் கணக்கப்பிள்ளையாக இருந்து, நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். அவருக்கு வருசப் பூசை முடிந்து மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்.

"மேரி, மண்டபத்துல மேசைக்கு மேசை ஒன்னு வையி. ரோசாப்பூ வாசம்னா நல்லாருக்கும்."

"ஐயோ அக்கா, ரோசா எல்லாரும் போடுறது. ஹோட்டல்ல வைக்கிற வாசத்தப் போடுறேன், பாருங்க. வந்தவங்க வாயப் பொளக்கணும்."

"நீ சொன்னா சரி புள்ள."

வாயைப் பிளக்கத்தான் செய்தார்கள்.

கல்யாணத்தன்று

அன்று ஹட்டனில் அடைமழை. மண்டபத்து ஜன்னலெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. மேடை நிறையப் பூ. பொண்ணும் மாப்பிள்ளையும் சர்ச்சிலிருந்து வருவதற்கு முன்பே எல்லா மேசையிலும் கொளுத்திவிட்டு, புதுச்சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றேன். பாராட்டு வாங்கத்தான், வேறெதற்கு?

கினிகத்தேனையிலிருந்து வந்த அத்தை ஒருத்தர் மூக்கைச் சுளித்தார்.

"யாருடி நல்ல காரியத்துல ஓடிக்கொலோன் தெளிச்சது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஓடிக்கொலோன் தெளிப்பது சாவு வீட்டில். பெட்டியைச் சுற்றி, போத்தலைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தெளிப்பார்கள். அந்தப் போத்தலில் இருப்பதும் இதே எலுமிச்சையும் ஆரஞ்சும் லெவண்டரும்தானே! என் குசினியில், மண்ணெண்ணெய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில், அது சுத்தமான ஒரு வாசமாக மட்டுமே தெரிந்தது. மூடிய மண்டபத்தில், அவ்வளவு பூவும் மெழுகுதிரியும் ஜனமும் சேர்ந்ததும் அசல் சாவு வீடேதான்.

ஓடிப்போய் ஒவ்வொன்றாக ஊதி அணைத்தேன். அணைந்த திரி புகைந்து இன்னும் மோசமாக மணந்தது. அதற்குள் ஸ்டெல்லா மாப்பிள்ளையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, அப்பாவக் கெடத்தியிருந்த அன்னைக்கு…"

கல்யாண உடுப்போடு குலுங்கிக் குலுங்கி அழுதாள். யாரோ ஜன்னல்களைத் திறந்துவிட, மழைச் சாரல் உள்ளே அடித்தது. "இந்த நேரத்துல இதத்தான் வைக்கணுமா?" என்று ஒருத்தி என் காதுபடவே கேட்டாள். நான் சுடச்சுட கிளாஸ்களைக் கூடையில் அள்ளினேன். விரல் சுட்டது, சுடட்டும் என்று இருந்தது.

ரோசம்மாக்கா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சாப்பிட்டுட்டுப் போ மேரி" என்று மட்டும் சொன்னார். நான் குசினிப் பக்கமாக வெளியேறி, மழையிலேயே வீட்டுக்கு நடந்தேன். மிச்ச எண்ணெயை வீட்டோரத்துச் சாக்கடைக் கானில் ஊற்றினேன். அந்தக் கான் நாள்கணக்கில் மணந்து என்னைக் கேலி செய்தது.

கல்லறைக்கு ஒன்று

அதன் பிறகு பஜாரில் ரோசம்மாக்காவைத் தூரத்தில் கண்டாலே எதிர்ப்பக்கம் மாறிவிடுவேன். பூசைக்குப் போனால் கடைசி வாங்கில்தான் உட்காருவேன். தெரிந்தவர்கள் முன்னால் மெழுகுதிரிப் பேச்சையே எடுக்கமாட்டேன்.

கல்லறைத் திருநாள் நெருங்கியபோது அவரே வீடு தேடி வந்துவிட்டார். எனக்கு ஒளிய இடமில்லை.

"மேரி, அன்னைக்கு கொளுத்துனியே, அதே வாசத்துல ஒன்னு செஞ்சு குடு. அவரு கல்லறைக்கு. ஸ்டெல்லாதான் கேட்டா."

"அக்கா, அந்தப் புள்ளயக் கல்யாணத்தன்னைக்கு அழ வச்சவ நான்."

"அவ அப்பா செத்தன்னைக்கே அழல புள்ள. ஒரு வருசம் கல்லு மாதிரி கெடந்தா. நான் பயந்து போயிருந்தேன். அன்னைக்குத்தான் அழுதா. அதச் சொல்லலாம்னு பாத்தா, நீ என்னயக் கண்டாலே ஓடுற."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை மாதமும் என் பேர் கெட்டுப்போச்சே என்றுதான் வெட்கப்பட்டேன். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவை போய்க் கேட்கவில்லை. மண்டபத்தில் பட்ட வெட்கத்தைவிட இது பெரிதாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

கொழும்புக்குச் சொல்லி அந்த எண்ணெயை மறுபடி எடுப்பித்து, ஒன்றே ஒன்று செய்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது யார் ஓர்டர் கொடுக்க வந்தாலும் நிறம், கிளாஸ் எல்லாம் அப்புறம்தான். முதலில், "ஒங்க வீட்டுக்கு எந்த வாசம் ஆகாது?" என்று கேட்பேன். நிறையப் பேர் சிரிப்பார்கள். சிலர் சட்டென்று பேச்சை மாற்றி, கிளாஸின் விலையை விசாரிப்பார்கள். அவர்களை நான் மேலே கேட்பதில்லை, வாசமே போடாமல் செய்து கொடுத்துவிடுகிறேன்.