டாட்டா காட்டிய தெரு

எங்கள் அப்பா பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டாட்டா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று சொன்னால், நாங்கள் இந்த வீட்டை வாங்கிய கதையையும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அவருடைய பஸ் நகரத்தின் நெரிசலில் கிளம்பி, மேம்பாலம் ஏறி இறங்கி, மரங்கள் நிறைந்த ஒரு புறநகரில் போய் முடியும். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்கள், கேட்கிறவர்களுக்கு வயிறு எரியக் கூடாதே என்று. நல்ல பள்ளிக்கூடம், நல்ல தண்ணீர், குரைப்பதற்குக் கூச்சப்படும் நாய்கள். கடைசி ஸ்டாப் ஒரு அமைதியான தெருவின் முனையில் இருந்தது. பஸ் அங்கே திரும்பி, மறுபடி கிளம்பும் நேரம் வரும்வரை நிற்கும். எதிரே ஒரு மாடி வீடு. அதன் ஜன்னலுக்கு ஒரு அம்மா வந்து அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டுவார். அப்பாவும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஆட்டுவார்.

வருஷக்கணக்காக இது நடந்தது. வீட்டுக்கு வந்து தட்டு முன்னால் உட்கார்ந்ததும், "இன்னைக்கும் டாட்டா காட்டினாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார். ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து ஜனங்கள் அவரிடம் நீட்டிய கையெல்லாம் வேறு ஜாதி. ஏன் நிறுத்தவில்லை என்று ஒரு கை, ஏன் நிறுத்தினாய் என்று ஒரு கை, ஒதுங்கிப் போடா என்று பைக்கிலிருந்து ஒரு கை. ஒரு டிரைவரைப் பார்த்துச் சும்மா, அன்புக்காக ஆடும் கையை அவர் அந்தத் தெருவில்தான் முதன்முதலாகப் பார்த்தார். டிப்போவிலும் போய் இதே பாட்டைப் பாடினார். அவர்கள் பட்டம் கட்டிவிட்டார்கள்.

குடியிருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, இனி வாடகையே வேண்டாம், சொந்தமாக வாங்கிவிடலாம் என்று முடிவானது. அந்த ஊரில்தான் வாங்க வேண்டும் என்பதில் வீட்டில் சண்டை இல்லை. அங்கே போனால் என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று அப்பாவுக்கு ஒரு ஆசை. நான் ஒன்பதாவதோடு படிப்புக்கு டாட்டா காட்டியவள். பள்ளிக்கூட மணியின் நாக்குக்கு யாரோ காலுறை மாட்டிவிட்டார்கள். என் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. அதோடு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சண்டையெல்லாம் அந்த ஊரில் எந்த இடம் என்பதில்தான். அம்மா முடிவு பண்ணிவிட்டிருந்தாள்: ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி. மேல்மாடியில் சித்தி இருக்கிறாள், லிஃப்ட் இருக்கிறது, கீழேயே மருந்துக்கடை. அப்பா போய்ப் பார்த்தார். அவருக்கு எல்லாமே பஸ் கணக்கு. ஹால் அரை பஸ், படுக்கையறை டிரைவர் கேபின், சமையலறை படிக்கட்டில் தொங்குகிற மாதிரி என்றார். வெளியே வந்ததும், "பிளாட்ல எவன் எவனைப் பாக்கிறான்? லிஃப்ட்டுல கூட கூரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க" என்று கழித்துக் கட்டினார். மார்க்கெட் பக்கம் ஒரு தனி வீடு வந்தது. அதையும் தூசி என்று தள்ளினார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் வீட்டு புரோக்கருக்கே தெரிந்திருக்கும்.

காத்திருந்தது வந்தேவிட்டது. கடைசி ஸ்டாப்பில், அந்த மாடி வீட்டுக்கு அடுத்த வீடு. புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். ஞாயிறு என்றால் பஸ் அந்தத் தெருவுக்குள் வராது, பெரிய சாலையிலேயே திரும்பிவிடும். இது புரோக்கருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். புரோக்கர் தெரிந்துதான் அந்த நாளைச் சொன்னார். அப்பாவுக்குத்தான் அது உறைக்கவில்லை. தெரு அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. இலை விழும் சத்தம்கூடக் கேட்டது.

அம்மா குழாயைத் திறந்தாள், சுவரைத் தட்டினாள், துணி எங்கே காயப்போடுவது என்று கேட்டாள். அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. பால்கனியில் நின்று பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சாத்தியிருந்தது.

"வேலைக்குப் போக வாசல்லயே பஸ்" என்றார் புரோக்கர்.

"பஸ்ஸே நான்தான்" என்றார் அப்பா.

முன்பணம் கொடுத்தாயிற்று. மீதிக்கு வாங்கிய வங்கிக் கடன் தீரும்போது அப்பாவுக்குப் பல் இருக்காது என்று அம்மா சொன்னாள். அதற்கும் அவர் எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்தார்.

குடிபோனதற்காக லீவு போட்டிருந்தார். திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக முதல் பஸ் தெருவுக்குள் வந்தது. முதலில் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. அப்புறம் ஜன்னல் கண்ணாடி. அப்புறம் என் பல். பஸ் திரும்பி எங்கள் வாசலில் நின்றது, என்ஜின் மட்டும் நிற்கவில்லை. தகரக் கொட்டகைக்குள் யானை குறட்டை விடுகிற மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. அப்பா போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எவன்டா அவன், என்ஜினை அணைக்காம?"

"உங்களுக்குப் பதிலா வந்தவர்தான்" என்றாள் அம்மா. "இத்தனை நாளா நீங்க அணைச்சீங்களாக்கும்?"

அணைத்ததில்லை. அந்தப் பஸ்ஸை அணைத்தால் மறுபடி உயிர் வர ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் அந்தத் தடத்தில் யாருமே அணைப்பதில்லை. ஆனால் இவ்வளவு வருஷம் அந்தச் சத்தத்தின் மேலேயே உட்கார்ந்திருந்த மனுஷன், ஒரு வீட்டுக்குள் இருந்து அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

அப்பா டீ டம்ளரோடு பால்கனிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பக்கத்து ஜன்னல் திறந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினார். அப்பாவின் முகம் மலர்ந்தது, டம்ளரைக் கை மாற்றிக்கொண்டார். பஸ்ஸில் இருந்து பார்த்தால் அந்தக் கை மட்டும்தான் தெரியும். இங்கே கையோடு சேர்த்து வாயும் கேட்டது.

"அணைச்சுத் தொலையேன்டா. எடுத்துக்கிட்டுப் போயேன். போ, போ."

பாதி தூக்கிய அப்பாவின் கை அப்படியே நின்றது. அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டார். குரல் உடனே மரியாதைக்கு மாறியது.

"புதுசா வந்திருக்கீங்களா? பாத்தீங்களா எங்க தலையெழுத்தை. எல்லாரும் இப்படித்தான், அதுலயும் ஒருத்தன் இருக்கான் பாருங்க. நான் தொண்டை கிழியக் கத்துறேன், அவன் பல்லை இளிச்சுக்கிட்டு டாட்டா காட்டுறான். என்ன கொழுப்பு இருக்கணும்?"

அப்பா டீயைக் குடித்தார். டம்ளர் காலி என்பது எனக்குத் தெரியும்.

"சார் என்ன வேலை பாக்கிறீங்க?"

"போக்குவரத்துல" என்றார் அப்பா. ஏதோ பெரிய ஆபீஸில் இருப்பவர் மாதிரிதான் அது காதில் விழுந்தது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் எங்கள் குழாயில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரியுமா என்று அம்மா கேட்டாள். "அந்தம்மா எங்க எல்லாருக்கும்தான் கை காட்டும், அக்கா. நாங்க யாரும் வீடு வாங்கல" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை மூடிக்கொண்டு போனார். அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய், ஆடிக்கொண்டிருந்த டம்ளர்களுக்கு நடுவே துணியைத் திணித்தாள். அதன்பிறகு ரயில் நிலையத்து அடுக்குமாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த அம்மாவை நான் சும்மா விடுவதாக இல்லை. அவர்கள் வீட்டு அழைப்பு மணியின் பொத்தான், அமுக்கினால் மேலே எழாமல் ஒட்டிக்கொண்டு, மணி அலறிக்கொண்டே இருக்கும்படி செய்யப் பசையோடு போனேன். வாசல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு கட்டிலில் அவருடைய கணவர் கிடந்தார். எழுந்து நடமாடி நாளாகியிருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. தெருவில் பஸ் வந்து நின்றது. கட்டில் கம்பி அதிர்ந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப முயன்றார், முடியவில்லை. நான் பசையோடு திரும்பி வந்துவிட்டேன். திட்டுவதற்கு ஒரு நல்ல எதிரிகூட எங்களுக்கு வாய்க்கவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். லீவு முடிந்தது. டிப்போவுக்குப் போகும்போது தெரு வழியாகப் போகாமல், பின்பக்கத்துச் சந்து வழியாகப் போனார். காக்கிச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேலே ஒரு வெள்ளைச் சட்டை. பிடித்து வாங்கிய தெருவுக்குள் திருடன் மாதிரி வந்து போகிறவரைப் பார்த்து அம்மா கடைசியில் வாயைத் திறந்தாள்.

"கை காட்டினாங்கன்னு வீடு வாங்கினது நீங்க ஒருத்தர்தான். இப்ப அந்தக் கைக்கே பயந்து ஓடுறதும் நீங்க ஒருத்தர்தான்."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு சந்துக்குள் இறங்கினார்.

அன்றைக்கு அவர் பஸ் வரும் நேரம் பார்த்து நான் பால்கனியில் நின்றேன். நியாயமாகப் பார்த்தால் இந்த நேரத்துக்கு நான் ஏதாவது கோமாளித்தனம் பண்ண வேண்டும். பண்ணத் தோன்றவில்லை. இந்தத் தெருவில் ஒரு கையாவது அவருக்காக ஆடட்டும் என்று மட்டும் தோன்றியது. பஸ் வந்தது, திரும்பியது, நின்றது. டம்ளர்கள் பேசின. அப்பா தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தார். நான் கையை உயர்த்தி நன்றாக ஆட்டினேன். பக்கத்து ஜன்னல் அப்போது சாத்தித்தான் இருந்தது.

காலை வெயில் கண்ணாடியில் அடித்திருக்க வேண்டும். அவர் தலையை நிமிர்த்தினார். எங்கிருந்தோ ஒரு கை ஆடுவது தெரிந்திருக்கும், யாருடையது என்று தெரிந்திருக்காது. பழக்கத்தில் அவர் வலது கை ஸ்டியரிங்கை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. அப்புறம் கீழே இறங்கிச் சாவியைத் திருகியது.

என்ஜின் நின்றது. கிளம்பும் நேரம் வந்தபோது பஸ் கிளம்பவில்லை. பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, எங்கள் வாசலிலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள். அப்பா நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் கை இன்னும் மேலேதான் இருந்தது.

"யாருக்குடி டாட்டா காட்டுற?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"யாருக்கும் இல்ல" என்றேன்.