கயிற்றைப் பிடித்த கை

பவுனம்மாள் பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதையோரம் புல் அறுத்து, வண்டிமாட்டுக் கொட்டகைகளுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவள். அவற்றில் பெரிய கொட்டகை வேலாயுதத்தினுடையது. சூளையிலிருந்து செங்கல் ஏற்றும் வண்டிகள் எல்லாம் அவனுடையவை. அவள் புருஷன் நாகையாவும் அங்கேதான் வண்டி ஓட்டினான்.

அவன் ஓட்டிய செவலைக் காளைக்கு நுகத்தடி பட்டுக் கழுத்தில் புண் வந்தது. மாட்டுக்கு ஓய்வு வேண்டும் என்று நாகையா கேட்டான். "ஓய்வு வேணும்னா நீ எடுத்துக்க. வண்டிய வேற ஆளு ஓட்டுவான்" என்றான் வேலாயுதம். மறுநாள் மிருக வைத்திய இலாகாவின் வெள்ளைக்கார டாக்டர் வண்டியை வழியில் நிறுத்தினார். புண்பட்ட மாட்டை வேலை வாங்குவது குற்றம். பிடிபட்டவன் நாகையா.

கோர்ட்டில் வேலாயுதம் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு நின்றான். "புண்ணு இருந்தது எனக்குத் தெரியாது துவான். எங்கிட்ட மறைச்சு ஓட்டியிருக்கான்" என்று மேஜிஸ்திரேட்டைக் கும்பிட்டுச் சொன்னான். அபராதம் கட்ட வழியில்லாமல் நாகையா புடு சிறைக்குப் போனான். அபராதத்துக்காகக் காலில் விழுந்த பவுனம்மாளிடம், "மாட்டப் பாக்கத் தெரியாதவனுக்கு நான் தெண்டம் கட்டணுமா?" என்று சொல்லிவிட்டு வேலாயுதம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினான்.

திரும்பி வந்த நாகையாவுக்கு எந்தக் கொட்டகையும் வண்டி தரவில்லை. கிள்ளானில் படகுத்துறையில் மூட்டை தூக்கப் போனான். செவலையோ மாட்டு ஆஸ்பத்திரியில் புண் ஆறி, மினுமினுவென்று முதலாளியிடமே திரும்பி வந்தது.

பவுனம்மாள் அதே கொட்டகைக்குப் புல் போடுவதை நிறுத்தவில்லை.

"புருஷன உள்ள தள்ளினவன் மாட்டுக்கே தீனி சுமக்கிறியே, உனக்கு ரோசமே கெடையாதா?" என்று குழாயடியில் இராஜம்மா கேட்டாள்.

"மாடு என்னடி பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஐப்பசி அடைமழையில் செவலையின் கழுத்துத் தோல் மறுபடியும் உரிந்தது. இப்போது அதை ஓட்டியவன் சின்னையா. கலியாணமாகி வருஷம்கூட ஆகாதவன். புல் போடக் குனிந்தபோது பவுனம்மாள் புண்ணைப் பார்த்துவிட்டாள். அன்றே மாட்டு ஆஸ்பத்திரிப் பியூன் இருதயத்தைத் தேடிப் போனாள்.

"அண்ணே, புண்ணு மாட்டப் பூட்டினா யாரப் பிடிப்பீங்க?"

"கயித்தப் பிடிச்சிருக்கறவன. சொந்தக்காரனையும் பிடிக்கலாம். ஆனா தெரிஞ்சேதான் ஓட்டச் சொன்னான்னு எவனாவது சாட்சி சொல்லணும். எவன் சொல்வான்? ஏன், எங்க பாத்த?"

"சும்மா கேட்டேண்ணே."

சொன்னால் செவலை பிழைத்துவிடும். சின்னையா உள்ளே போவான். வேலாயுதம் மறுபடியும் பொத்தானை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். அவள் சொல்லவில்லை. வீட்டில் வேப்பெண்ணெய் இருந்தது. அதையும் கொண்டுபோய்த் தடவவில்லை. கார்த்திகையில் புண் சீழ் வைத்தது. மார்கழியில் கிட்டே போனாலே நாறியது. செவலை அவள் முந்தானையை மோந்து பார்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் வேலாயுதம் தன் கையால் வண்டி ஓட்டுவான். மாட்டுப் பொங்கலன்று, கொட்டகையிலேயே உயரமான ஜோடியைப் பூட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவான். செவலையை விட்டால் அவனுக்கு உயரமான மாடு கிடையாது.

போகியன்று அவள் இருதயத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கா? ஏற்கெனவே நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். ஊரே என்னக் கடிச்சுத் தின்னுடும் தங்கச்சி."

"எம் புருஷனப் பிடிச்ச அன்னிக்கு, இது என்ன நாளுன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

இருதயம் டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

மாட்டுப் பொங்கலன்று வண்டி தெருமுனையில் திரும்பியபோது டாக்டர் நடுவில் நின்று கையைக் காட்டினார். செவலையின் கழுத்தில் மஞ்சளை அப்பி, அதன்மேல் கனத்த சாமந்தி மாலை போட்டிருந்தது. மாலையை எடுக்கச் சொன்னார் டாக்டர்.

"இது சாமி காரியம் துவான். இன்னிக்கு மாலையக் கழட்டக் கூடாது" என்றான் வேலாயுதம்.

இருதயமே மாலையைத் தூக்கினார். பூவோடு சதையும் வந்தது. செவலை முன்னங்கால் மடிந்து சரிந்தது. வண்டிக்குள் பிள்ளைகள் அழுதன.

வேலாயுதம் பக்கத்தில் நடந்து வந்த சின்னையாவைப் பார்த்தான். "டேய், நீதானடா ஓட்டின. இந்தா, கயித்தப் பிடி" என்று நீட்டினான்.

சின்னையா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலாயுதம் கயிற்றை நீட்டியபடியே இருந்தான். வாங்க ஆள் இல்லை. கூட்டத்தின் முன்னால் புல்லுக்கட்டோடு நின்ற பவுனம்மாளின் மேல் அவன் கண் போய் நின்றது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

எலும்புவரை அரித்துவிட்டது, இனிப் பிழைக்காது என்று சொல்லி டாக்டர் செவலையை அன்றே சுடச் சொன்னார். புண் அந்த அளவுக்குப் போயிருந்ததால் மேஜிஸ்திரேட் அபராதத்தோடு விடவில்லை. வேலாயுதத்தைப் புடு சிறைக்கு அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனாள். நாகையா அப்போதுதான் சோறு வடித்திருந்தான். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று நினைத்திருந்தாள்.

"செவலைக்குப் புண்ண நீ எப்பப் பாத்த?"

"ஐப்பசியில."

"அப்பவே சொல்லியிருந்தா ஆறியிருக்குமே, பவுனு."

"சொல்லியிருந்தா சின்னையாதான் உள்ள போயிருப்பான்."

நாகையா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினான்.

அவளுக்குப் பசித்தது. பானையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வேலாயுதம் உள்ள இருக்கான்ல," என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு மீன் குழம்பை ஊற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டாள்.